தோழர் பதில்கள்: முதல் வகுப்பு சங்கத்துக்குத்தான்

(கோவை மில் ஒன்றில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷினில் சைடராக (அறுந்த இழையை இணைப்பவராக) வேலை பார்த்து, இன்று பல சங்கங்களுக்கும் வகுப்பெடுக்கும் பெண் தோழர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில்: வேலையிடச் சமத்துவம் பற்றித் தொழிற்சங்கங்களுக்குப் பயிற்சி.)

எங்கள் பனியன் சங்கத்தில் பாதிக்கு மேல் பெண் உறுப்பினர்கள். மாதம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. நோட்டீஸ் கொடுக்கிறோம், வாட்ஸ்அப்பில் போடுகிறோம். வருவது ஆண்கள் மட்டும்தான். பெண்களுக்கு அக்கறை இல்லையோ?
– சங்கச் செயலாளர், திருப்பூர்

அக்கறை இல்லாதவர்கள் சந்தா கட்டமாட்டார்கள் தோழர்.

ஞாயிறு காலை பத்து மணி யாருக்கு ஓய்வு நேரம்? வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடிவிட்டு, சனிக்கிழமை ராத்திரி சம்பளத்தோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு ஞாயிறு காலையில்தான் ஆறு நாள் துணியும் ரேஷனும் கறிக்குழம்பும். நீங்கள் அந்த நேரத்தில் சங்க ஆபீசில் உட்கார முடிகிறது என்றால், உங்கள் வீட்டில் ஒருவர் துவைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

அப்புறம் அந்த ஆபீஸ். உங்களுடையதை நான் பார்த்ததில்லை. பார்த்த மற்றவற்றை வைத்துச் சொல்கிறேன். இருட்டு மாடிப்படி. கழிப்பறைச் சாவி பக்கத்துக் கடைக்காரரிடம். வாசலில் பீடி குடிக்கும் கூட்டம். சுவரில் வரிசையாகத் தலைவர்கள் படம், எல்லாம் மீசை. இதைத் தாண்டி உள்ளே வந்து மூன்று மணி நேரம் ஆண்கள் மைக்கில் பேசுவதைக் கேட்கவேண்டும். நானே போகமாட்டேன்.

செய்து பார்த்துப் பலித்த முறை இதுதான்: வகுப்பைப் பெண்கள் குடியிருக்கும் காம்பவுண்டுக்கே கொண்டுபோங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு ஆண் தோழர்களைப் போடுங்கள். ஒரு சங்கத்தில் இதை நான் கண்டிப்பாகச் சொன்னபோது முணுமுணுத்தார்கள். குழந்தைகள் அவர்களைப் படுத்திய பாட்டில், அதுவரை யாரும் சீண்டாத குழந்தைகள் காப்பகம் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் மேலே ஏறிவிட்டது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. ஒரு நாளில் நான்கு தடவை தாய் போய்ப் பார்த்து வரலாம் என்றும் அதிலேயே சொல்லியிருந்தது. சட்டம் வந்தபோது சங்கத்தில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

எங்கள் கம்பெனியில் பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அப்படியிருக்க, சமவேலைக்குச் சமகூலி என்று வகுப்பெடுப்பது வீண்தானே?
– பவர் டேபிள் டெய்லர், அவினாசி

ரேட் ஒன்றாக இருக்கலாம்; எந்த வேலை யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. இந்த வகுப்பில் நான் பேசுவதே இல்லை. ஐந்தைந்து பேராக உட்காரவைத்து, சார்ட் பேப்பரில் அவரவர் கம்பெனியை வரையச் சொல்வேன். கட்டிங் டேபிள், ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் அதனதன் இடத்தில். ஆண் நிற்கும் இடத்தில் நீலப்புள்ளி, பெண் நிற்கும் இடத்தில் சிவப்புப்புள்ளி. கடைசியாக ஒவ்வோர் இடத்துக்கும் ஷிப்ட் சம்பளம் எவ்வளவு என்று எழுதவேண்டும். பெரும்பாலும் கட்டிங்கும் அயர்னும் நீலமாக இருக்கும். கைமடி, பிசிறு வெட்டுவது, செக்கிங் எல்லாம் சிவப்பு. சம்பளம் எழுதும்போது சண்டை ஆரம்பிக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒருமுறை ஒரு கட்டிங் மாஸ்டர், "கத்தி பிடிக்கத் தொழில் தெரியணும்" என்றார். செக்கிங் பார்க்கும் அக்கா விடவில்லை. "ட்யூப்லைட்டுக்கு அடியில் நாளெல்லாம் நின்று ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்க்கிறேன். ஒரு பீஸ் தவறினால் பையர் லாட்டையே திருப்பிவிடுகிறான். என் கண்ணுக்கு என்ன கூலி போட்டிருக்கிறீர்கள்?" மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இதில் சட்டம் ஓரளவுக்குத்தான் துணைக்கு வரும். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் "ஒரே வேலை அல்லது அதைப் போன்ற வேலை" என்றுதான் பேசியது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்த வரையறையைத் தாண்டவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 100-ஆம் உடன்படிக்கையோ "சம மதிப்புள்ள வேலை" என்கிறது. இந்தியா 1958-லேயே அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கட்டிங்கையும் செக்கிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மதிப்பைப் பார் என்பது உடன்படிக்கை; இரண்டும் வேறு வேறு வேலை, ஒப்பிடாதே என்று நழுவ இடம் தருவது நம் சட்டம். இந்த இடைவெளியைச் சம்பளப் பேச்சுவார்த்தையில்தான் அடைக்க முடியும். திருப்பூர் சம்பள ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத்தானே கூலி போடுகிறார்கள்? அந்த மேசையில் சங்கத் தரப்பில் உட்கார்ந்தவர்களில் செக்கிங் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் தலைவரிடம் கேட்டு எழுதுங்கள்.

நான் ஸ்பின்னிங் மில்லில் இருக்கிறேன். பாலியல் புகார் கமிட்டி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் என் பெயரும் இருக்கிறது. ஒட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். நான் என்ன செய்யவேண்டும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

கண்ணு, உன் கடிதத்தை அடுத்த மூன்று வகுப்பில் வாசிக்கப்போகிறேன், பெயர் ஊர் இல்லாமல். ஆடிட்டுக்காக அவசரத்தில் ஒட்டிய பட்டியல் அது. ஆனால் பெயரைப் போட்டுவிட்டார்கள் இல்லையா, இனி அதைப் பிடித்துக்கொள்.

முதலில் உன்னை உறுப்பினராக நியமித்த எழுத்து உத்தரவின் நகலைக் கேள். அதில் உன் பதவிக்காலம் இருக்கவேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி கமிட்டித் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்கவேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும். முதலாளியின் மைத்துனியை "வெளியாள்" என்று போட்டிருந்த மில்லை எனக்குத் தெரியும். அதனால் அந்த வெளியாள் யார், எந்த அமைப்பு என்று விசாரி.

சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். தக்க காரணம் இருந்தால் கமிட்டி இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடியவேண்டும். எழுதத் தெரியாத பெண் வந்தால் எழுத உதவுவது கமிட்டியின் கடமை. "எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினால் அது தப்பு. விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவர் கேட்டால் அவரையோ குற்றம் சாட்டப்பட்டவரையோ வேறு பிரிவுக்கு மாற்றவோ, அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவோ பரிந்துரைக்கலாம். இன்னொன்றை மனப்பாடம் செய்துகொள்: சமரசம் என்பது அந்தப் பெண் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் கொடுத்து முடிக்கக்கூடாது. நம் மில்களில் மேஸ்திரி ஐந்தாயிரத்தை நீட்டி, "ஊருக்குப் போய்ட்டு வா பாப்பா" என்று சொல்வது காலகாலமாக நடப்பதால் இதைச் சொல்கிறேன். புகார் முதலாளி மேலேயே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர் கமிட்டி இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் தெரிந்த நீ ஒருத்தி, ஆயிரம் பேர் வேலை பார்க்கும் மில்லில் என்ன செய்ய முடியும்? உன் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு வழி உண்டாக்கினார்கள். 2021 தொடக்கத்தில் அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர்தான் குற்றம் சாட்டப்பட்டார். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் அதை விடாமல் எடுத்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஒரு பக்கம் அந்தச் சங்கமும் ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் போன்ற கூட்டமைப்புகளும். இன்னொரு பக்கம் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியும், அவர்களிடம் துணி வாங்கிய எச் அண்டு எம், கேப், பிவிஎச் பிராண்டுகளும். ஏறத்தாழ ஐயாயிரம் தொழிலாளர்களுக்கு அது பொருந்தியது.

அதில் எனக்குப் பிடித்த ஷரத்து, 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து லைனிலேயே நிறுத்துவது. தேர்ந்தெடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் சங்கம். பக்கத்து மெஷினில் இருப்பவளே அந்தக் கண்காணிப்பாளர் என்பதால், சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டினால் அன்றைக்கே அது பேச்சுக்கு வரும்; கையைத் தொடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண் என்பதோடு சாதி, வெளியூர்க்காரர் என்ற காரணங்களால் நடக்கும் பாகுபாட்டையும் ஒப்பந்தம் எழுத்தில் சேர்த்திருக்கிறது. கம்பெனி மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கை வைக்கவேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாமல் எத்தனையோ ஒப்பந்தம் பார்த்துவிட்டேன்.

உன் மில்லில் அப்படி ஒப்பந்தம் இல்லை. பரவாயில்லை. போர்டில் பெயர் இருக்கும் மற்ற பெண்கள் யார் என்று தேடி, அடுத்த டீ இடைவேளையில் ஒன்றாக உட்காருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கு.

சங்க வகுப்பில் சாதி பற்றிப் பேசவேண்டும் என்றேன். "தொழிலாளி ஒரே சாதி, இதைக் கிளறினால் ஒற்றுமை கெடும்" என்கிறார்கள் பெரியவர்கள்.
– இளம் உறுப்பினர், ஈரோடு

தம்பி, பேசாமல் இருந்து ஒற்றுமை கெட்ட கதை நம் சங்க வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதை எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். தொடங்கியவர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு. மூன்று வருடம் கழித்து, 1921-இல் பக்கிங்ஹாம் – கர்நாடிக் மில்லில் என்ன நடந்தது என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவோம். வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். நிர்வாகமும் அரசாங்கமும் அந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது.

அவர்களைக் "கருங்காலி" என்று திட்டிவிட்டுக் கதையை முடிப்பது சுலபம். வகுப்பில் நான் கேட்பது வேறு. சேரியில் இருந்த தொழிலாளி வீட்டில் எத்தனை நாளைக்குச் சோறு இருந்தது? அவனை யாராவது தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தார்களா? வேலைநிறுத்தத்தை முடிவு செய்த இடத்தில் அவன் இருந்தானா?

பம்பாயில் இன்னும் அப்பட்டமாக இருந்தது. ஜவுளி ஆலைகளில் நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடம் கிடையாது. தறியில் ஓடும் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி எடுக்கவேண்டும், அடுத்தவன் வாய் பட்டதை எப்படித் தொடுவது என்பது காரணம். 1920-களின் கடைசியில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்களிடம் நேராகக் கேட்டார்: முதலாளியிடம் உரிமை கேட்கிறீர்கள், உங்கள் ஆட்களே அடைத்த கதவை யார் திறப்பது?

உங்கள் பெரியவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். துப்புரவுப் பிரிவிலிருந்து செயற்குழுவுக்கு யாராவது வந்திருக்கிறார்களா? மதியம் யார் யாரோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்? அந்த வகுப்புக்கு எதிர்ப்பு வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். பெரியவர்களோடு சண்டை போடும் வயது எனக்கு வந்துவிட்டது.

பெண்களுக்குத் தனிச் சங்கம் தேவையா? அது பிரிவினை இல்லையா?
– ஆசிரியை, தேனி

மூணாறு உங்களுக்கு மலை ஏறினால் வந்துவிடும். 2015 செப்டம்பரில் அங்கே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், போனஸைப் பாதியாகக் குறைத்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பல தலைமுறையாக அங்கே பெரிய பெரிய சங்கங்கள் இருந்தன. பெண்கள் அந்தத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. கூடை சுமப்பது நாங்கள், கொடி பிடித்துப் பலன் அடைவது நீங்கள் என்பதுதான் அவர்கள் குமுறல். போனசும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்கள் அமைப்பின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. அதன் பிறகு அந்த அமைப்புக்குள் சண்டை வந்து தேய்ந்ததும் உண்மைதான். கோபத்தில் திரண்ட கூட்டத்துக்குக் கணக்கு எழுத, கூட்டம் நடத்த, கோரிக்கை வரைய யாரும் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

தனிச் சங்கம் கட்டாயம் என்று சொல்லமாட்டேன். பெண்கள் பேசுவதற்குத் தனி அறை கட்டாயம். பெரிய சங்கங்களின் மகளிர் குழுக்கள் மார்ச் 8-க்குக் கோலப்போட்டி வைத்துக்கொண்டிருக்கும் வரை, பெண்கள் வெளியே போய்த்தான் கூடுவார்கள். அதைப் பிரிவினை என்று அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

நான் மனிதவள அதிகாரி. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் விழிப்புணர்வுப் பயிற்சி நடத்துகிறோம். போட்டோ, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. சங்கம் தனியாக வேறு நடத்தவேண்டுமா?
– கோவை

போட்டோ நன்றாக வந்திருக்கும். கேள்வி கேட்ட பெண்ணின் பெயர் மாலைக்குள் மேனேஜர் காதுக்குப் போகாத அறையில்தான் பயிற்சி நடக்க முடியும். உங்கள் அறையில் அந்த உத்தரவாதத்தை உங்களால் தர முடியாது. சங்கம் நடத்தட்டும், நீங்கள் சம்பளத்தோடு நேரம் கொடுங்கள்.

ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். சங்கம் கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறோம். எங்களுக்கும் உங்கள் வகுப்பில் ஏதாவது உண்டா?
– சென்னை

உண்டு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு 2021-இல் திருத்தம் கொண்டுவந்தது: ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை இருக்கவேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரவிடவேண்டும். கேரளத்தில் இது 2018-லேயே வந்தது. அதற்குக் காரணம் கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் தாங்களாகக் கூடிப் போராடியது. அவர்களுக்கும் முதலில் சங்கம் கிடையாதுதான். உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா, சிசிடிவியில் பார்த்து எழுப்புகிறார்களா, கழிப்பறைக்குப் போக டோக்கன் உண்டா, இந்த மூன்றையும் தோழிகளோடு சேர்ந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். தொழிலாளர் துறையிடம் போகும்போது அந்த நோட்டுதான் பேசும்.

வடக்கத்திப் பையன்கள் சங்கத்துக்கே வருவதில்லை. அவர்களுக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்கிறீர்களே, எப்படி?
– மில் சங்க நிர்வாகி, உடுமலை

உங்கள் கேள்வியிலேயே "வடக்கத்திப் பையன்கள்" என்று நாற்பது வயதுக்காரரையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் இருந்து வரும் பெண்களும் இருக்கிறார்கள், ஹாஸ்டலுக்குள். இந்தி, ஒடியா பேசும் ஒருவரைப் பிடித்து மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்து அனுப்புங்கள்: பி.எஃப். எண் எப்படிப் பார்ப்பது, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது. சட்டப் பாடம் பிறகு வரட்டும். சம்பளம் பிடித்துவைத்த ஒருவருக்கு நீங்கள் வாங்கிக்கொடுத்தால் அடுத்த வாரம் பத்துப் பேர் வருவார்கள்.

வகுப்புகள் நடத்துகிறோம், டீ வடை கொடுக்கிறோம், கலைந்துபோகிறோம். பலன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– சங்கப் பொருளாளர், கரூர்

பொருளாளர் கேட்கவேண்டிய கேள்வி. வருகைப் பதிவேட்டை விடுங்கள், அது வடைக் கணக்கு. நான் பார்ப்பது வேறு சில இடங்கள்.

புகார்கள் கூடியிருக்கிறதா? வகுப்புக்குப் பிறகு புகார் கூடினால் நிர்வாகம் "கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்லும். சங்கத்திலும் சிலர் தலையாட்டுவார்கள். கூடுவது நல்லது, இத்தனை நாள் விழுங்கியது வெளியே வருகிறது. அடுத்து, கேட் மீட்டிங்கில் பேசுவது யார்? வகுப்புக்கு வந்த பெண் இன்னும் "நன்றியுரை" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் வகுப்பு எங்கோ பிசகியிருக்கிறது.

அப்புறம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவற்றின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுத இந்த இதழ் போதாது. ஆனாலும் தொழில் உறவுகள் தொகுப்பில், 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குறைதீர் கமிட்டி வேண்டும், வேலை செய்பவர்களில் பெண்கள் எத்தனை சதவீதமோ அதற்குக் குறையாமல் கமிட்டியில் பெண்கள் இருக்கவேண்டும் என்று இருக்கிறது. கமிட்டிக்குப் பத்துப் பேர்தான் உச்சம், அதில் பாதி நிர்வாகத் தரப்பு. உங்கள் ஊர் வீட்டு ஜவுளி யூனிட்டுகளில் பெண்கள்தான் பெரும்பான்மை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தொழிலாளர் தரப்பு ஐந்து இடத்தில் ஆண் நிர்வாகிகள் எத்தனை பேர் எழுந்து இடம் விடவேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த நாற்காலிகளுக்குத் தயாராக உங்கள் வகுப்புப் பட்டியலில் எந்தப் பெண்கள் இருக்கிறார்கள் என்று இப்போதே குறித்து வையுங்கள். அடுத்த செயற்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவந்து மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள்.